கோல்ட்ரிஃப் வழக்கு: எழுதிக் கொடுத்த டாக்டரும் குற்றவாளியா?

சுங்குவார்சத்திரத்தான்:
2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிற எங்கள் ஊர் சுங்குவார்சத்திரத்தின் பெயர் எல்லாச் செய்தியிலும் அடிபட்டது. இங்கே தயாரான கோல்ட்ரிஃப் சளி மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். பாதி பாட்டில் விஷம்! கம்பெனி முதலாளியைக் கைது செய்தார்கள், சரி. ஆனால் அவருக்கும் முன்னால் உள்ளே போனவர் மருந்து எழுதிய டாக்டர். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ரெட்டைப்புள்ள அம்மா:
கண்டுபிடிக்கச் சொல்லவில்லை சார். அதில் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்று இரண்டு சளி மருந்துகள் இருக்கின்றன. அந்த இரண்டும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது, அதை லேபிளிலேயே அச்சிட வேண்டும் என்று 2023 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. இறந்ததில் பெரும்பாலானவர்கள் அஞ்சு வயசுக்குட்பட்ட பிஞ்சுகள். எழுதியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

கோர்ட்வாசல்:
அக்கா, நீங்கள் இரண்டு தப்பை ஒரே முடிச்சாகப் போடுகிறீர்கள். சின்னக் குழந்தைக்கு அந்தக் கலவையை எழுதியது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உயிரை எடுத்தது அந்தக் கலவை இல்லை, மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் திரவத்தோடு வந்த டைஎத்திலீன் கிளைக்கால். அதே பாட்டிலை ஆறு வயதுக் குழந்தைக்கு விதிப்படி எழுதியிருந்தாலும் ஆபத்து அதேதானே? 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், டாக்டர் மேல் குற்ற வழக்கு என்றால் முதலில் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேள், வழக்கமாகக் கைது செய்யாதே என்றது.

ரெட்டைப்புள்ள அம்மா:
சட்டப் புத்தகத்தில் அது இரண்டு தப்பாக இருக்கலாம் தம்பி. பெற்றவளுக்கு ஒன்றுதான். அந்த உத்தரவை மதித்திருந்தால், நாலு வயசு ஆகாத பிள்ளைக்கு அந்தப் பாட்டில் வீட்டுக்கே வந்திருக்காது.

கோர்ட்வாசல்:
இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மருத்துவ கவுன்சில் விசாரிக்கட்டும், நஷ்டஈடு வழக்கில் அவரையும் சேர்க்கட்டும். கொலையாகாத மரணம் விளைவித்த பிரிவில் சிறை என்பதைத்தான் எதிர்க்கிறேன். அந்தத் தண்டனைக்குரிய ஆள் தயாரிப்பாளர். 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 27(அ) பிரிவில் கலப்பட மருந்தால் உயிர் போனால் குறைந்தது 10 வருடம், அதிகபட்சம் ஆயுள். அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது, அந்தப் பணம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கே போக வேண்டும்.

மெடிக்கல்ஷாப் முதலாளி:
எங்களை மறந்துவிடாதீர்கள். முதல் அடி எப்போதும் கடைக்குத்தான். அதே மருந்துச் சட்டத்தின் 19(3) பிரிவு எங்களுக்குக் கவசம்: லைசென்ஸ் உள்ளவரிடம் வாங்கி, ஒழுங்காக வைத்து, குறை தெரியாமல் விற்றால் தப்பலாம். ஆனால் அதை நிரூபிக்கக் கொள்முதல் பில் வேண்டும். பில் இல்லாமல் சரக்கு எடுக்கிற ஆட்களும் நம் தொழிலில் உண்டு, மூடி மறைப்பானேன்.

சுங்குவார்சத்திரத்தான்:
எல்லாம் சரி, பணம் எங்கிருந்து வரும்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வந்த பிறகு, தயாரிப்பில் குறை இருந்தால் அலட்சியத்தைக்கூட நிரூபிக்க வேண்டியதில்லை என்கிறார்கள். நல்லது. ஆனால் இந்தக் கம்பெனியின் லைசென்ஸே ரத்து. இழுத்து மூடிய கம்பெனியிடம் தீர்ப்பை நீட்டி என்ன செய்வது?

பழைய ஃபைல்:
அதனால்தான் அரசும் பொறுப்பேற்க வேண்டும் என்கிறேன். ஜம்மு ராம்நகரில் 2019-20இல் இதே விஷத்தால் குழந்தைகள் இறந்தார்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கோட்டை விட்டது என்று தேசிய மனித உரிமை ஆணையம் குடும்பத்துக்கு 3 லட்சம் கொடுக்கச் சொன்னது. நிர்வாகம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. நம் ஊரிலும் இரண்டு வருடமாக அந்த ஆலையைச் சோதிக்கவில்லை என்று மருந்து ஆய்வாளர்கள் இருவரை இடைநீக்கம் செய்தார்கள். அப்படியானால் தப்பை அரசே ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

கோர்ட்வாசல்:
இடைநீக்கம் குற்ற ஒப்புதல் ஆகாது சார். தவிர, மூடின கம்பெனிக்கெல்லாம் அரசு பணம் கொடுத்தால் அது நம் வரிப்பணம். முதலாளி சிரித்துக்கொண்டே போவார்.

பழைய ஃபைல்:
முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு முதலாளியின் சொத்திலிருந்து வசூலிக்கட்டுமே. புது மருந்தைச் சோதனைக்கு உட்படுத்தும்போது அதனால் பாதிப்பு வந்தால், யார் தப்பு என்று கேட்காமல் சோதனை நடத்துகிறவர் நஷ்டஈடு தர வேண்டும், 2019 விதியில் இருக்கிறது. அதே மருந்து கடைக்கு வந்துவிட்டால் ‘நீ போய் வழக்குப் போடு’. இது என்ன கணக்கு?

கோர்ட்வாசல்:
இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன்.

ரெட்டைப்புள்ள அம்மா:
ஒரு சின்னக் கேள்வி. போன மாதம் ஒரு கடையில் இருமல் மருந்து வாங்கினேன், பில் கேட்டேன், தரவில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் நான் எதைக் காட்டுவது?

மெடிக்கல்ஷாப் முதலாளி:
பில் தரமாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போங்கள் அம்மா. குழந்தைக்கு உடம்பு சரியாகிற வரைக்கும் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள், பேட்ச் நம்பர் அதில்தான் இருக்கிறது. மருந்து குடித்த பிள்ளை மூத்திரம் போவது குறைந்தால் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.