பாத்திரத்துல வெட்டுன நம்பர் மாறாம லேண்ட்லைனை நெட்டுக்கு மாத்த முடியுமா?

திருநகர் மருமகள்:
எங்க மாமா கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுறவுக. இப்பக் கடையைக் கொழுந்தன் பாத்துக்கிறார், ஆனா ஃபோன் மட்டும் வீட்லதான், மதுரை 0452 லேண்ட்லைன். அண்டா, தவலை, இட்லிக் கொப்பரை, ஜல்லிக்கரண்டி வரைக்கும் பேர் வெட்டும்போதே அந்த நம்பரையும் சேர்த்து வெட்டி வச்சிருக்காக. திருப்பரங்குன்றத்துல முகூர்த்தம்னா, பந்தியில உக்காந்தவுக சாம்பார் வாளியில நம்பரைப் பார்த்துட்டு மறு மாசம் அவுக வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவாக. அதனால நம்பர் மாறுச்சுன்னா பொழப்புல கை வச்ச மாதிரி.

விஷயம் என்னன்னா, நாங்க ரெண்டு பில் கட்டுறோம். லேண்ட்லைனுக்கு வாடகை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து முந்நூறுக்கு மேல. பையன் படிப்புக்கு வேற ஒரு கம்பெனில ஃபைபர் நெட், அது எழுநூத்திச் சொச்சம். அந்த நெட் டப்பா பின்னாடி ஃபோன் சொருகுற ஓட்டை ஒண்ணு சும்மா கெடக்கு, கால் எல்லாம் ஃப்ரீயாம். "பழைய லைனைக் கட் பண்ணிட்டு இதுல சொருகும்மா"ங்கிறான் பையன். மழை பேஞ்சா பழைய லைன்ல ஒரே கரகரப்பு, அதனால எனக்கும் ஆசைதான். அதே நம்பர் வருமா? அத்தை மொபைலைக் கையால தொட மாட்டாக, அவுகளுக்கு மணி அடிச்சா எடுக்கணும், அவ்வளவுதான்.

ஒத்தக்கடைக்காரன்:
அக்கா, அவசரப்பட்டு எதையும் சரண்டர் பண்ணிராதீங்க. நம்பரை மாத்தாம கம்பெனி மாறுற வசதி 2011 ஜனவரில நாடு முழுக்க வந்துச்சே, அது மொபைலுக்கு மட்டும். லேண்ட்லைனுக்குக் கிடையாது. நெட் கம்பெனிக்காரன் ஓட்டையில ஃபோனைச் சொருகுனா அவன் தர்ற புது நம்பர்தான் அடிக்கும். அதுவும் 0452ன்னுதான் ஆரம்பிக்கும், அதைப் பார்த்து ஏமாந்துறக் கூடாது.

நீங்க தலைகீழாப் பண்ணணும். ஃபோன் எந்தக் கம்பெனியோ அவுககிட்டயே போய், "காப்பர் லைனை எடுத்துட்டு ஃபைபர் கொடுங்க, நம்பர் இதே இருக்கணும்"னு எழுதிக் கொடுங்க. உங்க தெருவுக்கு அவுக ஃபைபர் வந்திருந்தா பெரும்பாலும் நடக்கும். நெட்டும் அதுலயே வந்துரும். அப்புறம் பையனோட நெட்டைக் கட் பண்ணுங்க, ஃபோன் வாடகை மிச்சம். புது லைன்ல மணி அடிச்சுப் பார்த்த பிறகுதான் அந்தப் பழைய நெட்டை நிறுத்தணும்.

வைகை வடகரை:
எதுக்கு இவ்வளவு சுத்தணும்? வாட்ஸ்அப் கால் போதுமே. எங்க வீட்ல லேண்ட்லைனை எடுத்தே வருஷக்கணக்காச்சு.

ஒத்தக்கடைக்காரன்:
தம்பி, வாட்ஸ்அப்ல இருந்து வாட்ஸ்அப்புக்குத்தான் அடிக்க முடியும். சாம்பார் வாளியைப் பார்த்து அந்த நம்பரை அழுத்துற ஆளுக்கு அது எப்படி உதவும்?

பழைய லைன்மேன்:
நான் காப்பர் கம்பியிலயே காலம் தள்ளுனவன், அதனால ரெண்டு விஷயம் சொல்றேன்மா.

பழைய ஃபோனுக்கு எக்ஸ்சேஞ்சுல இருந்து 48 வோல்ட் அந்தக் கம்பியிலயே வந்துரும். அதான் ஊரே இருட்டாக் கெடந்தாலும் மணி அடிச்சது. ஃபைபர்ல கரண்ட் வராது, வெறும் வெளிச்சம்தான் வரும். வீட்ல கரண்ட் போனா டப்பா அணைஞ்சுரும், ஃபோனும் செத்துரும். டப்பாவை இன்வெர்ட்டர் லைன்ல இருக்குற பிளக்ல மாட்டுங்க. இன்வெர்ட்டர் இல்லைன்னா ரூட்டருக்குன்னே குட்டி யுபிஎஸ் விக்கிறாங்க, டவுன்ஹால் ரோட்ல கிடைக்கும். டப்பா அடாப்டர்ல எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்குன்னு பார்த்துட்டுப் போங்க, அனேகமா 12 வோல்ட்டா இருக்கும். வயசானவுக இருக்குற வீடு, ராத்திரி 108க்கு அடிக்க வேண்டி வந்தா மொபைலைத் தேட முடியாது. கார்ட்லெஸ் ஃபோன்னா அதோட பேஸுக்கும் தனியாக் கரண்ட் வேணும்.

இன்னொண்ணு. ஃபோன் கூடத்துல, டப்பா மாடியிலன்னா புது ஒயர் இழுக்க வேண்டாம். வீட்டுக்குள்ள ஏற்கெனவே ஓடுற டெலிஃபோன் ஒயர்லயே ஏத்திவிடலாம். ஆனா முதல்ல வெளியில இருந்து வர்ற கம்பியை ரோசட் பெட்டியில, அதான் சுவத்துல ஃபோன் ஒயர் சேர்ற குட்டிப் பெட்டி, அதுல கழட்டி விடணும். அதைக் கழட்டாமச் சேர்த்தா ரெண்டு பக்கத்துக் கரண்டும் மோதி டப்பாவோட ஃபோன் போர்ட் போயிரும்.

திருநகர் மருமகள்:
அய்யா, அத்தைகிட்ட இருக்கிறது வட்டத்தைச் சுத்துற கறுப்பு ஃபோன். அது வேலை செய்யுமா?

பழைய லைன்மேன்:
மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம். சுத்தி நம்பர் போடுறதுதான் சந்தேகம். நிறைய டப்பாவுக்குப் பட்டன் ஃபோன் கொடுக்குற சத்தம்தான் புரியும், வட்டம் சுத்துற துடிப்பு புரியாது. ஒரு பட்டன் ஃபோனையும் பக்கத்துல வச்சுக்கங்க.

வைகை வடகரை:
பேசும்போது பையன் ஏதாவது டவுன்லோட் போட்டா இழுக்குமா?

ஒத்தக்கடைக்காரன்:
ஒரு காலுக்கு ஒரு பக்கத்துக்கு 100 கேபிபிஎஸ், அதாவது ஒரு எம்பிபிஎஸ் நெட் வேகத்துல பத்துல ஒரு பங்கு கூட வேண்டாம். வீட்டு ஃபைபர்ல அது ஒரு கணக்கே இல்லை.

திருநகர் மருமகள்:
மாத்தியாச்சு. எங்க தெருவுக்கு ஃபைபர் வந்திருந்துச்சு, நம்பரும் அதேதான். பையனோட நெட்டை நிறுத்தியாச்சு. எலெக்ட்ரீஷியனை வச்சு ரோசட்டைக் கழட்டி, லைன்மேன் அய்யா சொன்னபடியே இணைச்சோம். கரகரப்பு சுத்தமா இல்லை. இப்ப அதுவே பிரச்சினை. எதிராளி பேச்சை நிறுத்துனா லைன்ல ஒரு சத்தமும் இல்லை, அத்தை கட்டாயிருச்சுன்னு நினைச்சு "ஹலோ ஹலோ"ன்னு கத்திட்டு வச்சிர்றாக. நேத்து மேலூர்ல இருந்து ஒரு பார்ட்டி, அண்டா எத்தனை வேணும்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே வச்சுட்டாக!

பழைய லைன்மேன்:
எதிராளி பேசாதப்ப லேசான இரைச்சலை டப்பாவே போட்டுக் காட்டுற செட்டிங் ஒண்ணு இருக்கும்மா, கம்ஃபர்ட் நாய்ஸ்னு பேரு. ஃபைபர் போட்ட பையனைக் கூப்பிட்டு டப்பாவுல அது இருந்தா ஆன் பண்ணச் சொல்லுங்க. அதுவரைக்கும் மேலூர்க்காரருக்கு நீங்களே திருப்பி அடிச்சிருங்க. மொபைல் நம்பர்னா முன்னாடி 0 போடணும், மறந்துராதீங்க.