பயிற்சி முடித்தவருக்கும் தொழில் கைவந்தவருக்கும் இடையிலான தூரம்: நீங்கள் நேரில் கண்டது என்ன?

இரவு ஷிஃப்ட்:
மூன்று ஆண்டுகள் கடந்தும் அந்த ஒரு நொடி என்னை விட்டு அகலவில்லை. சிமுலேட்டரில் ஆறு வாரம் பழகி, எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்த ஓர் அப்ரண்டிஸை சி.என்.சி. லேத்தில், அதாவது கணினி கட்டுப்படுத்தும் கடைசல் இயந்திரத்தில், என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். வெட்டும் டூலின் தேய்மானத்தை ஈடுகட்ட 0.05 மி.மீ. ஆஃப்செட் (திருத்த அளவு) கொடுக்க வேண்டிய இடத்தில், புள்ளி தவறி 0.5 என்று பதிவாகிவிட்டது. திரையில் எச்சரிக்கை ஏதும் எழவில்லை. கன்ட்ரோலருக்கு அதுவும் ஓர் எண்தான். அடுத்த இயந்திரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற மூத்த ஆபரேட்டர், இரண்டே எட்டில் வந்து டூல் நகர்வதை நிறுத்தும் ஃபீட் ஹோல்டு பொத்தானை அழுத்தினார். "சத்தம் மாறிவிட்டது" என்றார், அவ்வளவுதான். கதவைத் திறந்தபோது, டூலில் பொருத்தும் வெட்டுத் துண்டான இன்சர்ட்டின் முனை சிதறியிருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவரால் சொல்ல இயலவில்லை. இரண்டு மாதத்தில் அவர் பணி ஓய்வு பெற்றார். அதுவரை அவரிடம் கற்றுக்கொடுங்கள் என்று யாரும் கேட்டதே இல்லை, நான் உட்பட.

கேஜ் ரூம்:
மேலே எழுதியவர் சொல்லும் காது எல்லோருக்கும் வாய்க்காது என்று எடுத்துக்கொண்டால் பயிற்சிக்கே வேலை இல்லை. அதில் நான் மாறுபடுகிறேன். 200 மி.மீ. விட்டமுள்ள ஓர் அலுமினிய வளையத்தைப் புதியவர் ஒருவர், கடைந்த சூட்டோடு மைக்ரோமீட்டரில் அளந்து, சரி என்று குறித்து அனுப்பினார். மறுநாள் 20 டிகிரியில் இருக்கும் எங்கள் அளவீட்டு அறையில் அளந்தபோது 0.07 மி.மீ. குறைந்தது. மேற்பார்வையாளர் அவரைத் திட்டித் தீர்த்தார். நான் தாளும் பேனாவும் கொடுத்தேன். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 23 மைக்ரான் விரியும். வளையம் 15 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்திருந்தால் எவ்வளவு என்று கேட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வகுப்பில் படித்திருக்கிறேன் ஐயா, இதுதான் அது என்று தெரியவில்லை" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

மெயின்டனன்ஸ்:
என் அனுபவம் சிறியது. ரோபோ செல் ஒன்று, அதாவது ரோபோவும் அதன் துணைக் கருவிகளும் சேர்ந்த வேலையிடம், அடிக்கடி நின்றது. புதிய டெக்னீஷியன் சென்சாரை மாற்றினார், கேபிளை மாற்றினார், கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யின் இன்புட் கார்டையும் மாற்றினார். கடைசியில் பார்த்தால், சென்சார் பொருத்தும் இடத்தில் இரும்புச் சீவல் ஒன்று ஒட்டியிருந்தது.

முதலில் எழுதிய நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். "எப்படித் தெரிந்தது" என்று கேட்டால் எந்த மூத்தவராலும் விடை சொல்ல முடியாது. வேலை நடக்கும்போதே அருகில் நின்று, ஒவ்வொரு படியிலும் எதைக் கவனிக்கிறார், ஏன் கவனிக்கிறார் என்று கேட்டு எழுத வேண்டும். அமெரிக்காவில் 1940 முதல் 1945 வரை, போர்க்காலத் தொழிற்சாலைகளில் புதியவர்களை விரைவில் தயார்செய்ய நடத்தப்பட்ட டி.டபிள்யூ.ஐ. (Training Within Industry) திட்டம் இதையே செய்தது. போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகளும் அதை எடுத்துக்கொண்டன. கற்பவரை ஆயத்தப்படுத்துவது, வேலையைச் செய்து காட்டி விளக்குவது, அவரையே செய்யவைத்துப் பார்ப்பது, பிறகும் தொடர்ந்து கவனிப்பது என்று அதில் நான்கு படிகள். பெரும்பாலான இடங்களில் இரண்டாவது படியோடு பயிற்சி முடிந்து சான்றிதழ் வந்துவிடுகிறது. மூன்றாவது படியில், கற்பவர் தம் வாயால் காரணத்தைச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால், கேஜ் ரூம் நண்பர் கண்டதுபோல், படித்தது ஒரு பக்கமும் கைவேலை ஒரு பக்கமுமாக நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் படி, கவனிக்க வேண்டியது, காரணம் என்று ஒரே ஒரு தாள் எழுதிவையுங்கள்.

இரவு ஷிஃப்ட்:
தாள் எழுதத் தொடங்கிவிட்டேன். ஆனால் சத்தத்தை எந்தச் சொல்லால் எழுதுவது? அதனால் இப்போதைய அப்ரண்டிஸை லேத்துக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்து, புதிய இன்சர்ட்டையும் தேய்ந்த இன்சர்ட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டுகிறேன். நேற்று ஐந்தில் நான்கு முறை சரியாகச் சொன்னார்.