மறு: களைக்கொல்லி ‘எதிர்ப்புத்திறன்’ சரியா? ‘மசியாமை’ என்றொரு பரிந்துரை

குழுவினருக்கு வணக்கம். களைக்கொல்லி அடித்தும் சில களைகள் சாகாத குணத்தை ஆங்கிலத்தில் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் விவாதத்தில் ஒருவர் எழுதியிருந்தது:

> ரெசிஸ்டன்ஸ் என்றால் எதிர்ப்புத்திறன். மருத்துவத்தில் ஏற்கெனவே புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்ளலாமே.

மருத்துவத்தில் புழங்குவதுதான் இடைஞ்சல். நோய் எதிர்ப்பு ஓர் உடம்பு தன் ஆயுளுக்குள் பெறக்கூடியது, தடுப்பூசி போட்டால் கூடுவது. வயலில் நடப்பது வேறு. நெல் வயலில் களையாக வரும் லட்சக்கணக்கான குதிரைவாலிப் புல்லில் ஏதோ ஒன்றிரண்டுக்கு, களை மருந்து போய் ஒட்டவேண்டிய நொதி பிறவியிலேயே சற்று மாறியிருக்கும். மற்றதெல்லாம் கருக, அது மட்டும் விதை உதிர்க்கும். அதே மருந்தைப் போகந்தோறும் அடித்தால் அதன் வாரிசுகளே வயலை நிறைக்கும். எந்தச் செடியும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

மதுரை மாவட்டத்து மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் இதற்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். “புல்லு மருந்துக்குப் பழகிருச்சு” என்பவர் அடுத்த முறை அளவைக் கூட்டுவார். நொதி மாறிய புல் அதற்கும் அசையாது, நெல்தான் மஞ்சளடிக்கும். “மருந்துல பவர் இல்ல” என்பவர் கடையில் வேறு கம்பெனி டப்பா கேட்பார். பிஸ்பைரிபேக் சோடியம் என்ற களைக்கொல்லி போய் பெனாக்சுலமோ பைரசோசல்ஃப்யூரானோ வரும். மூன்றும் தடுப்பது, செடிக்குத் தேவையான சில அமினோ அமிலங்களைச் செய்ய உதவும் ஏ.எல்.எஸ். என்ற ஒரே நொதியைத்தான். டப்பா மாறியது, அடி விழும் இடம் மாறவில்லை. ட்ரோனில் தெளித்தாலும் இதே கதைதான்.

‘எதிர்ப்புத்திறன்’ முதல் விளக்கத்துக்குத் துணைபோகிறது. எனவே ‘மருந்துக்கு மசியல’ என்ற பேச்சிலிருந்து ‘மசியாமை’, ‘மசியாக் களை’ இரண்டையும் முன்வைக்கிறேன். அந்த இனமே இயல்பாக மருந்தைப் பொறுத்துக்கொள்வது டாலரன்ஸ். அதற்குத் ‘தாங்குதிறன்’ இருக்கட்டும். மருந்து ஒட்டும் இடத்துக்குத் ‘தாக்கிடம்’.

——

ஐயா, வணக்கம். ‘தாக்கிடம்’ அருமை. ‘மசியாமை’யில் எனக்குத் தயக்கம் உண்டு. நெல் வயல் களைகளில் ஆரைக்கீரையும் ஒன்று. ‘ஆரைக்கீரையின் மசியாமை’ என்று எழுதினால் சமையல் குறிப்பாகிவிடும்!

அதைவிடப் பெரிய சிக்கல்: இப்படியொரு சொல் கைக்குக் கிடைத்தால், தெளிப்பில் நேர்ந்த கோளாறையெல்லாம் அதன் தலையில் கட்டிவிடுவார்கள். பிஸ்பைரிபேக் 10 சதக் கரைசல் ஏக்கருக்கு 80 முதல் 100 மி.லி., தண்ணீர் 120 லிட்டர். 16 லிட்டர் டேங்கில் அது ஏழரை டேங்க், 100 மி.லி. கணக்கில் டேங்குக்கு 13 மி.லி.க்குச் சற்று மேல். அதே 13 மி.லி. வீதம் ஊற்றி, ஆள் கூலியை மிச்சம் பிடிக்க நான்கு டேங்கோடு முடித்தால், ஏக்கருக்குப் போய்ச் சேருவது பாதி மருந்துதான். களை இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்கவேண்டும். தூர் கட்டிய பிறகு அடித்தால் மேல் நுனி கருகி, கீழிருந்து துளிர்க்கும். தண்ணீரை வடிக்காமல் அடித்தால் முங்கிக் கிடக்கும் களையின்மேல் மருந்து படுவதேயில்லை. வடித்து அடித்துவிட்டு, இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கட்டவில்லையென்றால் புதுக் களை கிளம்பும். பூச்சி மருந்துக்கு வைத்த கூம்பு நாசிலையே மாட்டுவது இன்னொன்று. இதற்குத் தட்டை விசிறி நாசில்தான் வேண்டும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை வாய்க்கால் கலங்கல் தண்ணீரில் கலந்தால் களிமண்ணே அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இவை எதுவும் களையின் குணம் இல்லை. இதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘தெளிப்புத் தவறல்’ எப்படி?

——

அம்மா, கீரையைப் பற்றிய கேலி நியாயமே. வரையறையில் ‘மருந்துக்கு’ என்பதை விடாமல் ‘மருந்து மசியாமை’ என்றே எழுதுவோம். ‘தெளிப்புத் தவறல்’ இருக்கட்டும். இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளத்தையும் பதிவிலேயே சேர்க்கலாம்.

எல்லா இனமும் சேர்ந்து, கீற்றுக் கீற்றாகத் தப்பியிருந்தால் அது தவறல். ஒரே இனம் மட்டும், அதிலும் செத்த செடியை ஒட்டியே அதே பருவத்து உயிருள்ள செடி நின்றால், மசியாமையைச் சந்தேகிக்கலாம். உறுதிப்படுத்த, தப்பியதன் முதிர்ந்த விதையையும், மருந்தே படாத இடத்து அதே இனத்தின் விதையையும் தனித்தனித் தொட்டிகளில் விதைத்து, மூன்று இலை வந்ததும் இரண்டுக்கும் ஒரே நாளில் டப்பாவில் சொன்ன அளவை அடிக்கவேண்டும். மூன்று வாரம் கழித்து முதலாவது பிழைத்து இரண்டாவது செத்திருந்தால் மசியாமை. இரண்டுமே பிழைத்தால் மருந்தையும் தெளித்த விதத்தையும்தான் பார்க்கவேண்டும்.

“இதுக்கும் புதுசா ஒரு மருந்து வரும்” என்ற நம்பிக்கையைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 1980களுக்குப் பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள், புதிய தாக்கிடம் கொண்ட களைக்கொல்லி எதுவும் பெரிய அளவில் சந்தைக்கு வரவில்லை. ஹரியானா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லிக்கு மசியாத புல் 1990களின் தொடக்கத்திலேயே தலைதூக்கியது. அந்த மனப்போக்குக்கு ‘அடுத்த மருந்து நம்பிக்கை’ என்று பேச்சுவழக்கிலேயே விட்டுவிடலாம். ‘தொழில்நுட்ப நன்னம்பிக்கைவாதம்’ என்று எழுதினால் கட்டுரைக்கு வெளியே எவர் வாயிலும் நுழையாது.

கோரைதான் பாக்கி. மேலே கருகினாலும் மண்ணுக்குள் உறங்கும் கிழங்குக்கு மருந்து போய்ச் சேராது. பத்துப் பதினைந்து நாளில் மறுபடி முளைக்கும். இது மசியாமையும் இல்லை, தவறலும் இல்லை. ‘கிழங்குத் தப்பல்’ என்று நான் குறித்துவைத்திருக்கிறேன். மாற்றுச்சொல் இருந்தால் எழுதுங்கள்.