ராஜாளி, சில்கா கடற்படைத் தளங்கள்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

போரூர்வாசி:
2015 டிசம்பர் வெள்ளம். மீனம்பாக்கம் மூழ்கியதும் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானம் விட்டார்களே, அதில் அம்மாவை ஹைதராபாத்துக்கு ஏற்றிவிடப் போனேன். டிக்கெட் வாங்கிய பாடு, பஸ்ஸில் போன பாடெல்லாம் எழுதவில்லை, உங்களுக்கே தெரியும். விமான நிறுவனத்து ஆள் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. கடற்படைப் பையன்கள்தான் பெட்டி தூக்கினார்கள்.

அம்மாவுக்கு அவசரமாகக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. ஒரு பையன் எங்களைக் கூட்டிப் போனான். வழியில் ஒரு அறைக்கதவு திறந்திருந்தது. பலகை முழுக்க ஹெலிகாப்டர் படம், அம்புக்குறிகள். வெளியே அத்தனை களேபரம் நடக்கிறது, உள்ளே நாலைந்து பேர் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் உள்ளங்கையை விரித்து, மணிக்கட்டை மெல்லச் சாய்த்து, எப்படித் திருப்ப வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அம்மா அங்கேயே நின்றுவிட்டார். "நாளைக்குப் பரீட்சையாப்பா?" என்று கேட்டார். அவனுக்குத் தமிழ் தெரியாது. எழுந்து விறைப்பாக நின்று "எஸ் மேம்" என்றான். அவன் பாஸ் பண்ணினானா என்று அம்மா இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பழனிப்பேட்டை பாஸ்கி:
ஹெலிகாப்டரை விடுங்க சார். அரக்கோணத்துக்காரனுக்கு ராஜாளி என்றால் டியூ-142. ரஷ்ய விமானம், நாலு இன்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறி. அது தலைக்கு மேல் வந்தால் எங்கள் கணக்கு வாத்தியார் சாக்பீஸைப் பலகையில் வைத்தபடியே நிற்பார். திரும்பவும் மாட்டார், பேசவும் மாட்டார். சத்தம் அடங்கியதும் விட்ட எண்ணிலிருந்து எழுதுவார். 2017 மார்ச் 29-ல் அந்த விமானத்துக்கு விடை கொடுத்தார்கள். இப்போது இருக்கும் பி-8ஐ விமானம் பறப்பது தெரு நாய்க்குக்கூடத் தெரியாது.

வில்லிவாக்கம் ரவி:
போரூர் நண்பரே, கோபித்துக்கொள்ள வேண்டாம், நம்ப முடியவில்லை. பொதுஜனத்தை வகுப்பறை வரைக்கும் எந்தத் தளத்திலும் விட மாட்டார்கள். தக்கோலம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ராஜாளி வாசலில் வண்டியை ஓரம் கட்டியதற்கே காவலாளி ஓடிவந்து விரட்டினார். கையில் இருந்த தாம்பூலப் பையைக்கூடத் திறக்கச் சொன்னார்.

போரூர்வாசி:
வகுப்புக்குள் போனேன் என்று நான் எங்கே எழுதினேன்? வாசலைத் தாண்டிப் போனோம். அந்த வாரம் தளத்துக்குள் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

முன்னாள் மாலுமி:
ரவி சார், தக்கோலத்தில் உங்களை விரட்டியது கடற்படையே இல்லை. அது மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம். 949-ல் நடந்த போரில் ராஜாதித்த சோழர் யானை மேல் இருந்தபடியே இறந்த ஊர் அது. அவர் பெயரைத்தான் அந்த மையத்துக்கு இப்போது வைத்திருக்கிறார்கள்.

ராஜாளி வேறு. இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட பழைய ஓடுதளம். 1992 மார்ச் 11-ல் ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன் கடற்படைத் தளமாகத் தொடங்கிவைத்தார். ஓடுபாதை 4 கி.மீ.க்கு மேல், அதனால்தான் வெள்ளத்தில் பெரிய விமானமும் தாராளமாக இறங்கியது. ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி 1971-ல் உருவானது. கொச்சியில் இருந்ததை அப்புறம் இங்கே கொண்டுவந்தார்கள். 22 வாரப் பயிற்சி, சேதக் ஹெலிகாப்டர். 2024 ஜூனில் அனாமிகா ராஜீவ் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியாகத் தேறியது இங்கேதான். போரூர் சார், உங்கள் அம்மா பார்த்த பையன் தேறியிருந்தால் இந்நேரம் ஏதாவது கப்பலின் மேல்தளத்தில் இறக்கிக்கொண்டிருப்பான். ஆடுகிற தளத்தில் இறக்குவதுதான் நிஜப் பரீட்சை.

என் கதை சின்னது. ஒடிசாவில் மாலுமிகளுக்கு முதல் பயிற்சி தரும் சில்கா ஏரிக்கரைத் தளம் 1980-ல் வந்தது, சில வருஷம் கழித்து நான் சேர்ந்தேன். முதல் நாள் ராத்திரி, பெரம்பலூர்ப் பையன் ஒருவன் பூட்ஸைக் கழற்றாமலே தூங்கினான். காலையில் திரும்பப் போட நேரம் பத்தாதாம். அவன் பெயர் மறந்துபோச்சு, அந்த பூட்ஸ் மறக்கவில்லை.

பெரம்பூர் அப்பா:
என் பையன் எழுத்துத் தேர்வு, ஓட்டம், இங்கே நடந்த மருத்துவச் சோதனை எல்லாம் தாண்டி சில்கா போனான். இறுதி மருத்துவச் சோதனை அங்கேதான், தெரியுமல்லவா. காதில் ஏதோ குறை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாலுகாவ் ஸ்டேஷனிலிருந்து போன் பண்ணினான். அழவில்லை. "அப்பா, என்கூட வந்தவங்களுக்கெல்லாம் முடி வெட்டிட்டாங்க. எனக்கு மட்டும் அப்படியே இருக்கு" என்றான். சரி, வா என்று மட்டும் சொன்னேன்.

மெரினா ரன்னர்:
அண்ணா, மனசை விடாதீங்க. நானும் ஒரு தடவை முயன்று ஓட்டத்தில் தோற்றுப் போனவன்தான். தம்பிக்குச் சொல்லுங்கள்: முதலில் நல்ல காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டி, அழுக்கா, செவிப்பறையில் பிரச்சினையா என்று பாருங்கள். வெறும் அழுக்கு என்றால் சுத்தம் செய்தால் போதும். குச்சி விட்டு நோண்டக் கூடாது. அக்னிவீர் என்றால் ஆண்களுக்கு 1.6 கி.மீ. ஓட்டம், 6 நிமிடம் 30 விநாடி. 20 தடவை உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும், அப்புறம் தண்டால். மணலில் மட்டும் ஓடிப் பழகினால் சாலையில் வேகம் வராது, நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை நடைபாதையில் ஓடட்டும். பச்சை குத்த வேண்டாம். முழங்கைக்குக் கீழே உட்பக்கமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் இருந்தால் கழித்துவிடுவார்கள். பல்லையும் இப்போதே சரிபார்க்கட்டும். சில்காவில் அக்னிவீர்களுக்கு 16 வாரம்தான், அதற்கப்புறம் பிரிவைப் பொறுத்து லோனாவாலா சிவாஜி, ஜாம்நகர் வல்சுரா என்று வேறு கடற்படைப் பயிற்சித் தளங்களுக்கு அனுப்புவார்கள். இந்தியில் எண்களையும் கட்டளைகளையும் முன்பே பழகிக்கொண்டால் பாதித் திட்டு மிச்சம். 2023 மார்ச்சில் தேறிய முதல் அணியில் 270-க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள், அதனால் வீட்டில் தங்கை இருந்தால் அவளையும் யோசிக்கச் சொல்லுங்கள்.

பெரம்பூர் அப்பா:
தம்பி, இது நடந்து பல வருஷம் ஆச்சு. பையன் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இருக்கிறான், கல்யாணமும் ஆகிவிட்டது. தங்கை கிடையாது.

மெரினா ரன்னர்:
அப்படியா அண்ணா. சரி, இருக்கட்டும், படிக்கிற வேறு யாருக்காவது உதவும். பல் விஷயத்தில் ஒன்று விட்டுப்போச்சு, ராத்திரி வந்து எழுதுகிறேன்.