மாங்கொட்டைத் தொட்டி நாறுகிறது, பூச்சிமருந்து டப்பாவை எங்கே போடுவது?

காவேரிப்பட்டணம் தங்கை:
ஆனி, ஆடியில் எங்கள் வீட்டில் மாங்கொட்டை குவியும். சமையல்கழிவோடு பின்வாசல் உரத் தொட்டியில் மக்கப் போடுகிறேன். பத்து நாளாக ஒரே நாற்றம். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புழு நெளிகிறது, பக்கத்து வீட்டு அத்தை ஜன்னலைச் சாத்திவிடுகிறார். அப்புறம், மாம்பூவில் தத்துப்பூச்சிக்கு அப்பா அடித்த மருந்து டப்பாக்கள் மூன்று பரணில் கிடக்கின்றன. அம்மா ஒன்றைக் கழுவி எண்ணெய் ஊற்றப் போனார். பதறிப் பிடுங்கினேன். எங்கே கொடுப்பது?

பாலக்கோடு அண்ணன்:
ஈரம் மிஞ்சி, காற்றுப் போகாததால்தான் நாற்றம், தங்கச்சி. ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த மாவிலை போட்டு, ஒரு கை பழைய எரு தூவு. வாரம் ஒருமுறை கிளறு. கொட்டை லேசில் மக்காது, ஓட்டை உடைத்துப் போடு.

ஊத்தங்கரை தம்பி:
அக்கா, அந்த டப்பா எதற்கும் வேண்டாம். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே பூச்சிமருந்து டப்பாவை வீட்டு அபாயக் கழிவு என்று வைத்திருந்தார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டிலும் சேர்க்காமல் தனியே கட்டி, பூச்சிமருந்து டப்பா என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். தெருவில் எரிக்கவும் கூடாது. கேரிபேக்கில் கட்டாதீர்கள், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை. பழைய சாக்கு போதும்.

காவேரிப்பட்டணம் தங்கை:
ஒன்றில் இன்னும் அடியில் மருந்து ஆடுகிறது. சாக்கடையில் கொட்டிவிடவா?

ஊத்தங்கரை தம்பி:
ஐயோ, வேண்டாம் அக்கா. மூடியை இறுக்கி, நிமிர்த்தி வைத்து அப்படியே கொடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.