புதிதாக வருகிறவர் நம் பேச்சைக் கற்க வேண்டுமா, நாம் அவருக்குப் புரியப் பேச வேண்டுமா?

செம்பருத்தி:
நேற்று நம் இணைய மன்றத்தின் தட்டச்சுப் பகுதியில் நடந்ததைப் பார்த்து மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தத் தனித் திரி. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாழம்பூ என்ற பெயரில் ஒருவர் முதன்முறையாக எழுதினார். தலைப்பு "ஹெல்ப் ப்ளீஸ் அவசரம்!!!!". உள்ளே ஒரே வரி: "தமிழ் டைப்பிங் சரியா வரல, என்ன பண்றது". பத்து நிமிடத்தில் நான்கு பதில்கள். ஒருவர் "ஆர்.டி.எஃப்.எம்." என்றார். அடுத்தவர் "+1". மூன்றாமவர் "ரிப்பீட்டே". நான்காமவர் "ஓ.பி. இனி வரமாட்டார், திரியைப் பூட்டலாம்" (ஓ.பி. என்றால் திரியைத் தொடங்கியவர்). பாவம், அவர் திரும்பி வந்து "ஆர்.டி.எஃப்.எம். என்பது சாஃப்ட்வேரா? எங்கே டவுன்லோடு செய்வது?" என்று கேட்டார். அதற்கு மூன்று பேர் சிரிப்பான் மட்டும் போட்டார்கள்.

இது சரியா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

விசைமணி:
ஆர்.டி.எஃப்.எம். என்று எழுதியது நான்தான். அதனால் நானே பதில் சொல்கிறேன்.

அவருடைய கேள்வியை மறுபடி படியுங்கள் அக்கா. கணினியா, போனா? எந்த விசைப்பலகை? எதை அடித்தார், என்ன வந்தது? ஒன்றுமே இல்லை. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, தூங்கப் போகும் முன் உட்கார்ந்து பதில் எழுதுகிறவர்கள்தான் இங்கே அதிகம். கேட்கிறவர் ஐந்து நிமிடம் யோசிக்காவிட்டால், பதில் சொல்கிறவர் ஐம்பது நிமிடம் துருவிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இது நாங்கள் கண்டுபிடித்த கண்டிப்பும் இல்லை. 1995 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 1855 என்ற ஆவணம் இணையத்தில் நடந்துகொள்ளும் முறைக்காகவே எழுதப்பட்டது. இன்டெல்லில் இருந்த சாலி ஹாம்பிரிட்ஜ் எழுதினார். எதையும் எழுதும் முன் ஒன்று இரண்டு மாதம் சும்மா படித்துக்கொண்டிருங்கள் என்று அதிலேயே இருக்கிறது. டவுன் பஸ்ஸில் பின்னால் நிற்பவர் காசை நீட்டினால் வாங்கி முன்னால் அனுப்புகிறோம், டிக்கெட் வந்தால் திருப்பி அனுப்புகிறோம். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பார்த்துப் பார்த்துத்தானே கற்றோம்?

செம்பருத்தி:
பஸ் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் தடவை ஏறியவர் காசைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தால், பக்கத்தில் நிற்பவர் "முன்னாடி குடுத்துடுங்க" என்று சொல்வார். "ஆர்.டி.எஃப்.எம்." என்று சொல்ல மாட்டார். அந்த நான்கு எழுத்தில் மூன்றாவது எழுத்து ஒரு வசவு. "அந்த எழவெடுத்த கையேட்டைப் படி" என்பதுதான் அதற்கு நெருக்கமான தமிழ். நேரில் வந்து கேட்கிற ஒரு பெண்ணிடம் இதைச் சொல்வீர்களா விசைமணி? சுருக்கெழுத்துக்குள் ஒளித்தால் வசவு வசவு இல்லை என்று ஆகிவிடுமா?

கரிசல்காடு:
நான் நடுவில் நிற்கிறேன். 2007இல் வலைப்பதிவு தொடங்கினேன். முதல் இடுகைக்கு வந்த முதல் பின்னூட்டம் "மீ த பர்ஸ்ட்டு". அவ்வளவுதான், வேறு ஒரு சொல் இல்லை. இரண்டாவது, "உ.கு. ஏதும் இல்லையே?". மூன்றாவது ஆள் "இங்க கும்மி உண்டா?" என்று கேட்டார். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. நான் யாரையோ புண்படுத்திவிட்டேன் என்றே நினைத்தேன். உ.கு. என்றால் உள்குத்து, அதாவது மறைமுகமாக யாரையாவது சாடியிருக்கிறேனா என்ற கேள்வி. கும்மி என்றால் நண்பர்கள் கூடிப் பின்னூட்டத்திலேயே அரட்டை அடிப்பது. இதெல்லாம் தெரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஆனால் தெரிந்த பிறகு கிடைத்த சந்தோஷம் சாதாரணமானது இல்லை. இடுகையின் கடைசியில் "டிஸ்கி:", அதாவது பொறுப்புத் துறப்பு, என்று முதன்முதலாக எழுதிய அன்றைக்கு அந்தத் தெருவில் நானும் ஒரு வீட்டுக்காரன் ஆனேன். முகம் தெரியாத இருபது பேர் எனக்குச் சொந்தக்காரர்கள் ஆனது அந்தச் சொற்கள் வழியாகத்தான். அதனால் குழூஉக்குறியே வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வாடைக்காற்று:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்கும் பொதுவான தமிழ் என்று நீங்கள் நினைப்பதே எங்களுக்குப் பாதி புதிது. "மொக்கை" என்ற சொல் எனக்கு இங்கே வந்துதான் விளங்கியது.

சொல்லை விடுங்கள், அதைக் கேட்டறியலாம். மரியாதை பிசகினால்தான் கஷ்டம். எங்கள் ஊரில் "நீ"க்கும் "நீங்கள்"க்கும் நடுவில் "நீர்" உண்டு. ஒத்த வயதுக்காரரிடம் அன்போடும் மரியாதையோடும் சொல்வது. இங்கே வந்த புதிதில் மதுரைக்காரர் ஒருவருக்கு "நீர் சொல்வது சரி" என்று எழுதினேன். நான் அவரைக் கிண்டல் செய்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். உங்கள் பக்கம் "நீர்" என்றால் பழைய நாடக வசனம் போலவோ குத்தல் போலவோ கேட்குமாம். இரண்டு நாள் மனஸ்தாபம். கடைசியில் தனிமடலில் பேசித் தீர்த்தோம்.

ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்தால் கத்துவதாக அர்த்தம் என்று அந்த 1995 ஆவணத்திலேயே இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. அதனால் நாங்கள் ஆச்சரியக்குறியை அடுக்குகிறோம், "ஏஏஏன்" என்று இழுக்கிறோம். தாழம்பூவின் நான்கு ஆச்சரியக்குறியை நீங்கள் அதட்டலாகப் படித்தீர்கள். எனக்கு அது பதற்றமாகத்தான் தெரிந்தது.

விசைமணி:
வாடைக்காற்று சொன்ன கடைசி வரி என்னை யோசிக்க வைத்தது. நான் அதட்டலாகத்தான் படித்தேன்.

சரி, வசவை எடுத்துவிடுகிறேன். ஆனால் ஒழுங்கை விட்டுத்தர மாட்டேன். "ரிப்பீட்டே" என்றால் நானும் அதையே சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. தலைப்பில் விஷயம் இருக்க வேண்டும், எதை அடித்தேன், என்ன வந்தது என்று சொல்ல வேண்டும். முக்கியமாக, சரியானதும் திரும்பி வந்து எப்படிச் சரியானது என்று எழுத வேண்டும். "சரியாயிடுச்சு, நன்றி" என்று முடிந்துபோன திரிகளைப் போல நெஞ்சை எரிய வைப்பது வேறில்லை. அதே சிக்கலோடு மூன்று வருடம் கழித்துத் தேடி வருகிறவருக்கு அங்கே ஒன்றுமே இருக்காது.

செம்பருத்தி:
மூன்றும் நியாயம். அதை அவரிடம் மூன்று வரியில் சொல்லியிருக்கலாமே? நான் சண்டை போடுவது அதற்குத்தான். இரண்டு மாதம் படித்துவிட்டு வா என்ற அறிவுரையை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவர்கள் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களில் நுழைவார்கள். சில வாரத்தில் பழகிக்கொள்வார்கள். 1993 முதல் வெளியாட்கள் ஓயாமல் வரத் தொடங்கினார்கள், 1994இல் அமெரிக்கா ஆன்லைன் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர்களும் சேர்ந்தார்கள். பழையவர்கள் அதற்கு "முடியாத செப்டம்பர்" என்று பெயர் வைத்துப் புலம்பினார்கள். அந்தப் புலம்பலில் நான் சேர மாட்டேன். அப்படி உள்ளே வந்தவர்களில்தானே நாம் எல்லோரும் இருக்கிறோம்? 1993இல் நம்மில் யார் இங்கே இருந்தோம்?

தாழம்பூ:
வணக்கம். என்னைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று இப்போதுதான் பார்த்தேன். அந்த எழுத்துகள் புரியாதது பெரிதாக வலிக்கவில்லை. தெரியாமல் இரண்டாவது முறை கேட்டபோது எல்லோரும் சிரித்ததுதான் வலித்தது.

கேள்வியைச் சரியாகக் கேட்கிறேன். எங்கள் சுயஉதவிக் குழுவில் பப்பாளி ஜாம் போடுகிறோம். பாட்டிலில் ஒட்டும் லேபிளை நாளை காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். மடிக்கணினியில் தமிழ்99 விசைப்பலகை. பப்பாளி என்று அடித்தால் முதல் எழுத்திலேயே புள்ளி விழுந்து "ப்ப" என்று ஆரம்பிக்கிறது. அம்மா, அக்கா எல்லாம் சரியாக வருகின்றன.

விசைமணி:
தாழம்பூ, முதலில் நேற்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்99இல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். அம்மா சுலபமாக வருவது அதனால்தான். பப்பாளியில் முதல் ப தனியாக நிற்க வேண்டும். அதனால் ப அடித்ததும் அ விசையைத் தட்டுங்கள். அப்புறம் ப, ப, ஆ, ள, இ. அந்த அ திரையில் தெரியாது, முதல் ப-வைப் பிரித்து நிறுத்தும், அவ்வளவுதான்.

தாழம்பூ:
வந்துவிட்டது! பப்பாளி. பப்பாளி ஜாம்.

அடுத்து வருகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்: ப, அ, ப, ப, ஆ, ள, இ. பழைய திரியின் தலைப்பை "தமிழ்99: சொல்லின் முதலில் இரட்டை எழுத்து வந்தால்" என்று மாற்ற முடியுமா?

கரிசல்காடு:
மாற்றிவிட்டேன். சிரிப்பான் போட்ட மூவரில் நானும் ஒருவன் தாழம்பூ. அதை எடுத்துவிட்டேன்.

செம்பருத்தி:
வரவேற்புப் பக்கத்தில் நம் சொற்களுக்குச் சின்னதாக ஓர் அகராதி போடுகிறேன். "நீர்" முதல் வரியில் இருக்கும்.

விசைமணி:
அகராதி போட்டால் எல்லோரும் அதை மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டும் என்று ஆகிவிடும், அதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. நாளை சாயங்காலம் இதே திரியில் பேசுவோம் அக்கா.