நலிஞ்சுபோன ஊர்ல புது ஃபுட்பால் ஸ்டேடியம் எங்க கட்டணும்? எவர்ட்டன் எடுத்த முடிவு சரியா?

நகரத்திட்ட மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். எம்.பிளான், அதாவது நகரத்திட்டத்துல மாஸ்டர்ஸ் படிக்கிறேன், ஸ்டூடியோவுல சைட் செலக்‌ஷன் தான் இந்த தடவ டாபிக், நான் இங்கிலாந்துல இருக்கற லிவர்பூல் ஊரையும் அங்க இருக்கற எவர்ட்டன் ஃபுட்பால் கிளப்பையும் எடுத்துருக்கேன். 1930கள்ல எட்டரை லட்சம் பேர் இருந்த ஊரு அது, துறைமுகம் படுத்ததும் ஃபேக்டரிங்க மூடுனதும் சேந்து 2001ல 4.4 லட்சத்துக்கு வந்துருச்சு. இப்ப கொஞ்சம் ஏறிருக்கு, ஆனா வடக்கு லிவர்பூல் இன்னும் ஏழ்மையான பகுதி தான். அங்க ஒரு கிளப் எடம் தேடி இருவது வருஷத்துக்கு மேல அலைஞ்சிருக்கு. கிங்ஸ் டாக்ல (டாக்னா கப்பல் நிறுத்தறதுக்கு கட்டுன துறைமுகத் தொட்டி) கட்டறதா இருந்து கிளப்பால பணம் பொரட்ட முடியாம 2003ல நின்னுச்சு, அப்புறம் டெஸ்கோன்ற சூப்பர்மார்க்கெட் கம்பெனி கூட சேந்து ஊர் எல்லைக்கு வெளிய கிர்க்பில கட்டலாம்னாங்க, ரசிகர்கள்லயே ஒரு கூட்டம் ஊர விட்டு போகக்கூடாதுன்னு எதுத்து நின்னாங்க, 2009ல அரசாங்கமே அனுமதி இல்லன்னுருச்சு. வால்டன் ஹால் பார்க் பிளானும் 2016ல போச்சு. கடைசில பிராம்லி மூர் டாக், 2025 ஆகஸ்ட்ல அங்க லீக் மேட்ச் ஆரம்பிச்சாச்சு.

என் கேள்வி இதுதான். பாழடைஞ்ச துறைமுக நெலம், யாரையும் காலி பண்ண வேண்டியதில்ல, அதனால இதுதான் பெஸ்ட் சைட்னு எங்க கைடு சொல்றாரு. எனக்கு மனசு ஒப்பல. 1892லேந்து கிளப்போட பழைய ஸ்டேடியம் கூடிசன் பார்க்க சுத்தி பொழச்ச வால்டன் ஏரியா மக்கள் கதி என்ன? ஒரு சைட் நல்லதா இல்லையான்னு எத வெச்சு முடிவு பண்றது? அங்க இருக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

மெர்சிக்கரை:
நான் இங்க ஆஸ்பத்திரில வேல பாக்குறேன்மா, குடியிருக்கறதும் வால்டன் பக்கம் தான். முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ, கூடிசன்லயே இருந்திருக்க முடியாது. மெயின் ஸ்டாண்டுக்கு எதிர்ல ரோட்ட தாண்டுனா வரிசை வீடுங்க, ஒரு மூலைல செயின்ட் லூக்ஸ் சர்ச் ரெண்டு ஸ்டாண்டுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு நிக்கும். எந்தப் பக்கமும் பெருசாக்க எடம் இல்ல. உள்ள தூண் மறைக்கற சீட்டு அவ்ளோ இருக்கு, பணம் குடுத்து டிக்கெட் வாங்கிட்டு பாதி கோல்போஸ்ட் தான் தெரியும். 39 ஆயிரம் சொச்சம் சீட்டு, புது எடத்துல 52 ஆயிரத்துக்கு மேல.

ஆனா நீ கேட்டது சரியான கேள்வி. மேட்ச் நாள்ல அந்த சர்ச் ஹால்ல டீயும் சாண்ட்விச்சும் விப்பாங்க, பழைய மேட்ச் புரோகிராம் எல்லாம் மேசைல பரப்பி வெச்சிருப்பாங்க, வெளிய ஸ்கார்ஃப் விக்கறவங்க, சிப்ஸ் கடை, பப்பு, அத்தனை பேருக்கும் சனிக்கிழம யாவாரம் தான் வாரத்துக்கே சோறு. கூடிசன இடிச்சுட்டு வீடு, கிளினிக்னு கட்டறதா தான் மொதல்ல பிளான் இருந்துச்சு. அப்புறம் 2025ல பெண்கள் டீம அங்க ஆட வெக்கறதுன்னு முடிவு பண்ணாங்க. ஆம்பளைங்க டீமுக்கு வர்ற கூட்டம் இதுக்கு வராது, அது உண்மை. ஆனாலும் ஸ்டேடியம் பூட்டி கெடக்கல, லைட் எரியுது, அது இந்தத் தெருவுக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு இங்க இருந்து பாத்தா தான் தெரியும். அதனால உன் ரிப்போர்ட்ல பழைய எடத்த என்ன பண்றதுங்கறத தனி அத்தியாயமா ஒதுக்காத, புது சைட் மதிப்பீட்டுக்குள்ளயே கொண்டு வா. ரெண்டும் ஒரே முடிவு தான்.

கடல்மண்:
நான் சிவில், துறைமுக வேலைங்க பாத்த அனுபவம் இருக்கு. காலி நெலம்னு உங்க கைடு சொல்றாருல்ல, அது நெலமே இல்லீங்க, தண்ணி. 1848ல தொறந்த டாக் அது, ஜெஸ்ஸி ஹார்ட்லின்ற இன்ஜினியர் கட்டுனது. அதுல இருந்த மீனெல்லாம் புடிச்சு அப்புறப்படுத்திட்டு, ஐரிஷ் கடல்லேந்து மணல அள்ளிட்டு வந்து குழாய் வழியா உள்ள பாய்ச்சுனாங்க, கிட்டத்தட்ட 5 லட்சம் கன மீட்டர். மணல கொட்டுனா மட்டும் போதாது, அதிர்வு குடுத்து இறுக்கணும், அதுக்கப்புறம் பைல், அதாவது ஆழமா எறக்கற அஸ்திவாரத் தூண் போடணும். பழைய கருங்கல் சுவர ஒடைக்காம மணலுக்கு அடில அப்படியே விட்டுட்டாங்க, கரைல கப்பல கயித்தால கட்டி நிறுத்தற குத்துக்கல், சரக்கு ரயில் தண்டவாளம் எல்லாம் ரசிகர்கள் நடக்கற தரையிலயே இருக்கு. அந்த வேலைய மனசார பாராட்டறேன்.

ஆனா செலவு பாருங்க. 50 கோடி பவுண்டுன்னு பேச ஆரம்பிச்சது 75 கோடியயும் தாண்டிப் போச்சு. இந்த கடன் சுமையோட தான் கிளப் இவ்ளோக்கு மேல நஷ்டம் காட்டக்கூடாதுங்கற லீக் விதிய மீறுச்சுன்னு 2023-24 சீசன்ல ரெண்டு தடவையா மொத்தம் 8 புள்ளி கழிச்சாங்க. ஸ்டேடியக் கடனோட வட்டிய எந்தக் கணக்குல காட்டறதுங்கறது அந்த வழக்குலயே ஒரு பெரிய சண்டை. நெலம் சும்மா கெடக்குதுங்கறதால வெல கம்மின்னு நெனச்சுராதீங்க, மண்ணுக்கு அடில என்ன இருக்குங்கறது தான் வெலைய முடிவு பண்ணும்.

இன்னொண்ணு, பக்கத்துலயே ஊரோட கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கு. அங்க வீடு கட்டுனா யார் வாங்குவாங்க? ஸ்டேடியத்துக்கு அது பெருசா பாதிக்காது. வேற எதுக்கும் சுலபமா ஆகாத எடத்த ஸ்டேடியத்துக்கு குடுத்தது புத்திசாலித்தனம்னு தான் நான் சொல்வேன்.

வரிக்கணக்கு:
லீக்ல ஒரு டீமுக்கு சொந்த ஊர்ல 19 மேட்ச் தான். கப் மேட்ச் எல்லாம் சேத்தாலும் வருஷத்துல முக்காவாசி நாளு கேட்டு பூட்டி தான் இருக்கும். ஸ்டேடியம் வந்தா ஊரே நிமிந்துரும்ங்கற பேச்ச பொருளாதாரம் படிச்சவங்க பெரும்பாலும் ஒத்துக்கறதில்ல, ஏன்னா மேட்சுக்கு செலவு பண்ற காசு பெரும்பாலும் அதே ஊர்ல சினிமாவுக்கோ ஹோட்டலுக்கோ போயிருக்க வேண்டிய காசு தான். அதனால நான் ரெண்டு தான் பாப்பேன், யார் காசு, தப்பா போனா யார் தலைல விடியும்.

அமெரிக்க ஃபுட்பால் வேற ஆட்டம்னாலும் பாடம் ஒண்ணு தான். டெட்ராய்ட் லயன்ஸ்னு ஒரு டீம் 1975ல டெட்ராய்ட் ஊர விட்டு பான்டியாக்குன்ற பக்கத்து ஊருக்கு போச்சு, 5.5 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணி சில்வர்டோம் கட்டுனாங்க. 2002ல டீம் திரும்ப டெட்ராய்ட் டவுனுக்கே வந்துருச்சு. பான்டியாக் அந்த கட்டடத்த வெச்சுக்கிட்டு மாளாம 2009ல ஏலத்துல 5,83,000 டாலருக்கு வித்துச்சு, அது ஒரு சின்ன ஊரோட வரிப்பணம்ங்க, படிக்கறப்பவே வயிறு எரியுது. லிவர்பூல்ல முதல்ல கவுன்சிலே கடன் வாங்கி கிளப்புக்கு குடுக்கறதா பேச்சு ஓடுச்சு, நல்லவேள அது நடக்கல.

நகரத்திட்ட மாணவி:
ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாராவது எழுதுவாங்கன்னு எதிர்பாக்கல. ஒரு சந்தேகம், 2021ல யுனெஸ்கோ லிவர்பூல பாரம்பரிய பட்டியல்லேந்து தூக்குனதுக்கு இந்த ஸ்டேடியம் தான் காரணமா?

கடல்மண்:
அது மட்டும் இல்லம்மா. அதே கரைல லிவர்பூல் வாட்டர்ஸ்னு ஒரு பெரிய கட்டுமான திட்டம் இருக்கு, அதுக்காகவே 2012லயே ஆபத்துல இருக்கற எடம்னு போட்டுட்டாங்க. ஸ்டேடியத்துக்கு கவுன்சில் 2021 பிப்ரவரில அனுமதி குடுத்துச்சு, ஜூலைல பட்டியல்லேந்து போச்சு. ரெண்டும் சேந்தது தான். இழப்பு இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், ஒரு டாக்க நெரப்பிட்டா அது மறுபடி தண்ணியா ஆகறது நடக்காத காரியம். ஆனா அது வரைக்கும் அந்த டாக்க சுத்தி மதில் சுவர், உள்ள சாதாரண ஜனங்க யாரும் போய் பாத்ததே கெடையாது. இப்ப அங்க இருந்த ஹைட்ராலிக் டவர கூட சரி பண்ணி நிக்க வெச்சிருக்காங்க.

மெர்சிக்கரை:
ஒண்ணு விட்டுட்டேன், இது தான் எனக்கு ரொம்ப கவலை. பக்கத்து ஸ்டேஷன் சாண்ட்ஹில்ஸ். மேடான எடத்துல இருக்கும், நடுவுல ஒரே ப்ளாட்ஃபார்ம், ரெண்டு பக்கமும் வண்டி. ஸ்டேடியத்துலேந்து நடந்தா கால் மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆத்துக் காத்து மூஞ்சில அடிக்கும், வயசானவங்க ரொம்ப செரமப்படறாங்க. கீழ கம்பி தடுப்பு கட்டி வரிசைல நிக்க வெச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல விடறாங்க. இங்கிலாந்துலயே கவென்ட்ரின்ற ஊர்ல 2005ல ஸ்டேடியம் தொறந்துட்டு பக்கத்துல ரயில் ஸ்டேஷன் வர 2016 ஆச்சு, அந்த கேஸயும் எடுத்து பாரு. 52 ஆயிரம் பேர்ல எத்தன பேர முதல் ஒரு மணி நேரத்துல ரயில்ல ஏத்தி அனுப்ப முடியும்னு நீயே கணக்கு போட்டு, அத உன் ஷீட்டுல மொதல் வரைபடமா வெய்யி.